மேடைக்கும் ஸ்டுடியோவுக்கும் ஒரே கீபோர்டு போதுமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆறு ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன். கையில் இருப்பது 61 கீ கொண்ட, தாளமும் பேஸும் தானே வாசிக்கும் ஸ்டைல் கீபோர்டு. குழுவில் டிரம்ஸ், தபேலா, ரிதம் பேடு, பேஸ் கிட்டார் இருக்கின்றன; கீபோர்டு நான் ஒருவன்தான். வீட்டில் லேப்டாப் வைத்துப் பக்திப் பாடல்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். அதில் பாதி கடன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கருவியாக எதை வாங்கலாம்? 88 கீ இருந்தால்தான் மதிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர், பன்னிரண்டு ஆண்டு பழைய வொர்க்ஸ்டேஷனை (இசையமைப்பு வசதிகளும் சேர்ந்த கீபோர்டை) எழுபதாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

பாதித் தொகை கடன் என்பதை நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லதாயிற்று. கடன் வாங்கி எடுக்கும் கருவி, மறுமாதத்திலிருந்தே தன் தவணையைத் தானே சம்பாதித்துத் தர வேண்டும். உங்களுக்கு அந்தச் சம்பாத்தியம் இன்று மேடையிலிருந்துதான் வருகிறது. ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டை மேடைக்காக மட்டும் தேர்ந்தெடுங்கள். ஸ்டுடியோவுக்கு வேண்டிய நாதங்களை லேப்டாப் கொடுக்கும். மேடைக்கு வாங்கிய அதே கீபோர்டு அங்கே அதற்கு விரல் பலகையாக நின்றால் போதும். இரண்டு வேலையையும் சரிபாதியாகச் செய்யும் கருவியைத் தேடினால், இரண்டிலும் அரைகுறையான ஒன்றுக்குத்தான் கடன் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி வந்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 என்ற சிந்தஸைசர், அதாவது ஒலிகளை மின்னணு முறையில் உருவாக்கும் கீபோர்டு வந்தது. ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசவைத்த மிடி முறை புழக்கத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 1988இல் வந்த கோர்க் எம்1, பியானோ, ஸ்ட்ரிங்ஸ், டிரம்ஸ், எஃபெக்ட், எட்டு டிராக் சீக்வென்ஸர் (வாசித்ததைப் பதிந்து அடுக்கித் திரும்ப ஒலிக்கும் வசதி) என எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுத்தது. அதன் மூல ஒலிகள் முழுவதும் வெறும் 4 மெகாபைட்டில் அடங்கின. ஒரே சமயத்தில் 16 குரல்கள்தான் ஒலிக்கும். ஆனாலும் அதை வைத்திருந்தவர் கையில் ஒரு சிறிய ஸ்டுடியோவே இருந்தது. வொர்க்ஸ்டேஷன் என்ற பெயருக்கு நம்மிடையே இன்றும் இருக்கும் மரியாதை அந்தக் காலத்தில் உண்டானது. இன்றோ லேப்டாப்பில் ஏற்றும் ஒரு நல்ல பியானோ மட்டுமே பல ஜிகாபைட் இடம் பிடிக்கிறது. சீக்வென்ஸர் வேலையைக் கணினித் திரையில் பத்தில் ஒரு பங்கு சிரமத்தில் முடித்துவிடலாம். கீபோர்டுக்குள் இருக்கும் சீக்வென்ஸருக்காக நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மேடையில் உங்களுக்கு என்ன தேவை என்று பார்ப்போம். குழுவில் ஒரே கீபோர்டு என்பதால், பதிவில் பத்து வாத்தியக்காரர்கள் வாசித்த பிட்டுகளை நீங்கள் ஒருவரே வாசிக்கிறீர்கள். பல்லவி முடிந்து முதல் இடையிசை தொடங்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். வயலின் கூட்டம் நீண்ட ஸ்வரத்தில் நிற்கிறது. அது அடங்குவதற்குள் புல்லாங்குழல் நுழைகிறது. குழலின் கடைசி ஸ்வரத்தின் மேலேயே வீணை விழுகிறது. டோனை, அதாவது வாத்திய ஒலியை, மாற்றும் பொத்தானை அழுத்தியதும் பிடித்திருந்த வயலின் ஒலி கத்தரித்தாற்போல அறுந்தால், அந்தப் பாட்டின் அழகு அங்கேயே போய்விடும். கடையில் முதல் சோதனையாக இதைச் செய்யுங்கள்: ஸ்ட்ரிங்ஸ் டோனில் ஒரு கார்டைப் பிடித்து, கையை எடுக்காமல் அடுத்த டோனின் பொத்தானை அழுத்துங்கள். பழைய ஒலி இயல்பாகக் கரைகிறதா, துண்டாகிறதா என்பது நொடியில் தெரிந்துவிடும். விளம்பரத் தாளில் இந்த வசதி உண்டு என்று அச்சிட்டிருந்தாலும் அதற்கு வரம்பு இருக்கலாம். 2018இல் வந்த யமஹா மோடெக்ஸில், நான்கு பகுதிகளுக்குள் (ஒரு டோனில் சேர்த்து அடுக்கும் தனித்தனி ஒலிகள்) அடுக்கிய டோன்களுக்கே இந்த அறுபடாத மாற்றம் கிடைக்கும். அதற்கு மேல்நிலையில் உள்ள மாண்டேஜில் எட்டுப் பகுதிகள் வரை கிடைக்கும். ஆகவே கடைக்காரர் போட்டுக் காட்டும் டோன்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் மேடையில் பயன்படுத்தும் அளவுக்கு அடுக்கிய டோன்களை வைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது, பிடித்த ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பெண்டர். கீபோர்டு வாங்குவதைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நம் பாடல்களை வாசிக்கிறவருக்கோ கருவியின் உயிரே அந்தச் சிறிய சக்கரத்தில்தான் இருக்கிறது. தோடி சாயலில் ஒரு நாதஸ்வர பிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டைச் சுருதியில் அதன் காந்தாரம், கீபோர்டில் டி ஷார்ப் என்று நாம் சொல்லும் கறுப்புக் கீ. அதை நேராக அழுத்தி வைத்தால் தோடி பிறக்காது. அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சலாட வேண்டும். அந்தச் சுத்த ரிஷபம் காந்தாரத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் (கறுப்பு வெள்ளை சேர்த்து எண்ணினால் இரண்டு கீ) கீழே, சுத்த மத்தியமம் இரண்டு அரைச்சுரம் மேலே. பெரும்பாலான கீபோர்டுகளில் பெண்டரின் எல்லை வாங்கும்போதே இருபுறமும் இரண்டு அரைச்சுரம் என்றுதான் அமைந்திருக்கும். அதாவது, காந்தாரக் கீயைப் பிடித்துக்கொண்டு பெண்டரை மேலும் கீழும் முழுவதுமாக அசைத்தால், தோடியின் காந்தாரத்துக்கு வேண்டிய வீச்சு அப்படியே கைக்குள் அடங்குகிறது.

ஆனால் அந்த அசைவு நடுப்புள்ளியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வழுக்கிச் செல்ல வேண்டும். நடுவில் ஒரு தடங்கல் விரலுக்குத் தட்டுப்பட்டால் கமகம் இரண்டு துண்டாகக் கேட்கும். இந்த இடத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருக்கிறது. மோடெக்ஸ், மாண்டேஜ் வரிசையில் முன்னும் பின்னும் உருளும் தனிச் சக்கரம் உண்டு. அதிர்வுக்கு வேறு சக்கரம். ரோலண்டில் இடம் வலமாக அசையும் துடுப்புப் போன்ற பிடி. அதையே முன்னால் தள்ளினால் அதிர்வு சேரும். கோர்க் கருவிகள் பலவற்றில் ஜாய்ஸ்டிக். நார்டு ஸ்டேஜ் கருவிகளில் உள்ள மரத்தாலான பெண்டர் நடுவில் தடங்கலே இல்லாமல் இயங்குவது, கமகத்துக்கென்றே செய்தது போல இருக்கும். அதன் விலைதான் உங்கள் தொகைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. துடுப்பிலோ ஜாய்ஸ்டிக்கிலோ வேகமான சங்கதி வாசிக்கும்போது விரல் சற்று முன்னால் சாய்ந்தால் வேண்டாத அதிர்வு கலந்துவிடும். பழகியவர்கள் இதைச் சமாளிக்கிறார்கள். சிலர் டோனின் அமைப்புக்குள் போய் அந்த அதிர்வையே நிறுத்திவிடுகிறார்கள். எது உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் இடது கை ஆறு ஆண்டுகளாக எதில் பழகியிருக்கிறது என்பதே இங்கே முக்கியம். கடையில் கால் மணி நேரம் கேட்டு வாங்கி, உங்களுக்கு மிகப் பிடித்த ஒரு குழல் பிட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். குழல் டோன் ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் ஒற்றைக் குரலாகவும், ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது ஊதல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்காதபடியும் அமைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். நான் எந்தக் கருவியையும் இந்த ஒரு சோதனை இல்லாமல் வாங்கியதில்லை.

சுருதி மாற்றத்தையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள். ஆண் பாடகர் ஒரு கட்டையில் முடித்த அடுத்த நிமிடம், பாடகி அஞ்சரைக் கட்டை என்று சைகை காட்டுவார். டிரான்ஸ்போஸ் பொத்தான் முன்பலகையிலேயே இருக்கிறதா, மாற்றிய அளவு திரையில் பெரிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மெனுவுக்குள் மூன்று படி இறங்கித் தேட வேண்டிய கருவி, எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், கோயில் கொடையின் நள்ளிரவுக் கச்சேரியில் உங்களைத் தடுமாற வைக்கும்.

இனி 88 கீ. பியானோ முறைப்படி பயின்றவருக்கும், தனியாகப் பியானோ கச்சேரி செய்பவருக்கும் பியானோவைப் போலவே எடையுள்ள ஹாமர் கீ அவசியம். அதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் வேலை அது அல்ல. குழல், வயலின், நாதஸ்வர பிட்டுகளின் வேகச் சங்கதிகளுக்கு இலகுவான சிந்த் கீதான் இசைந்து வரும். ஹாமர் கீயில் நான்கு மணி நேரம் அவற்றை வாசித்தால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். சுமையையும் எண்ணுங்கள். அந்த மோடெக்ஸ் வரிசையிலேயே 61 கீ கருவி 6.6 கிலோ, 76 கீ 7.4 கிலோ, ஹாமர் கீ கொண்ட 88 கீ 13.8 கிலோ. 88 கீ மாண்டேஜ் 29 கிலோ. இதற்கு மேல் கனமான பெட்டியும் சேரும். விடியற்காலை வேனிலிருந்து இறங்கிச் சந்துக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது நீங்கள்தான். பணம் இடம்கொடுத்தால் 76 கீ எடுத்துக்கொள்ளுங்கள்: இடது பக்கம் பேடு என்னும் நீண்டு நிற்கும் பின்னணி ஒலி, வலது பக்கம் தனி வாத்தியம் என்று ஸ்ப்ளிட் செய்யும்போது அந்தப் பதினைந்து கீ பெரிய ஆறுதல். இல்லையென்றால் 61 போதும்.

உங்கள் குழுவில் தாள வாத்தியங்களும் பேஸும் இருப்பதால் புதிய ஸ்டைல் கீபோர்டு தேவையில்லை. ஆகவே யமஹா மோடெக்ஸ் எம், ரோலண்ட் ஃபேண்டம்-06, ஃபேண்டம்-07 போன்ற எடை குறைந்த சிந்தஸைசர்களைப் பாருங்கள். அவற்றுக்குக் கீழான விலையில் ரோலண்ட் ஜூனோ டிஎஸ் 61 நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் ஒதுக்காதீர்கள், 5.3 கிலோ எடைதான், எட்டு டபுள் ஏ பேட்டரியிலும் ஓடும். விலை மாறிக்கொண்டே இருப்பதால் தொகையை நான் எழுதவில்லை.

பேட்டரியைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில், பாட்டின் நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய சில நொடிகளில், என் வொர்க்ஸ்டேஷன் அணைந்து மறுபடி விழித்தது. விழித்தபோது, நான் மாதக்கணக்கில் சேர்த்து ஏற்றியிருந்த உடுக்கை, உறுமி ஒலிகள் எதுவும் அதில் இல்லை. அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில், வெளியிலிருந்து ஏற்றும் ஒலிகள் மின்சாரம் இருக்கும் வரைதான் நினைவில் நிற்கும். ஒவ்வொரு முறையும் திரும்ப ஏற்ற வேண்டும். அன்றைக்கு அதற்குச் சில நிமிடங்கள் ஆயின. ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து நின்ற அந்த நிமிடங்களை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அன்று முதல் சிறிய யூபிஎஸ் ஒன்று இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. நீங்களும் ஏறாதீர்கள்.

நண்பரின் பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு முதல் கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: வெளியிலிருந்து ஏற்றிய ஒலி, அணைத்துப் போட்டால் நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு கீழ்க் கோடியிலிருந்து மேல் கோடி வரை ஒவ்வொரு கீயையும் மிக மென்மையாக அழுத்தி, சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கீக்கு அடியில் உள்ள ரப்பரின் கரித் தொடுமுனை தேய்ந்திருந்தாலோ தூசி படிந்திருந்தாலோ, அந்த ஒரு கீ மட்டும் மென்மையான தொடுதலுக்கும் முழுச் சத்தத்தில் கத்தும், அல்லது ஊமையாகிவிடும். வெளியீட்டு ஜாக்கில் கேபிளைச் செருகி மெதுவாக அசைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்தால் உள்ளே ஈயப் பற்று விட்டிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த கருவியானால் பின்புறச் சீட்டில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றிலும் தேறினாலும், பன்னிரண்டு ஆண்டுப் பழைய கருவிக்கு எழுபதாயிரம் கொடுத்து, நாளைக்கு உதிரி பாகத்துக்கு அலைவதை நான் விரும்பவில்லை. கடன் பணத்தில் வாங்குகிறவருக்கு உத்தரவாதச் சீட்டும் கருவியின் ஒரு பகுதிதான்.

ஸ்டுடியோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிடியை யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு அனுப்பாத புதிய கருவி இன்று அரிது. மோடெக்ஸ் போன்றவை ஒலியையும் அதே கேபிளில் அனுப்பும், தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) இல்லாமலே தொடங்கிவிடலாம். லேப்டாப் ஒலிகளை வாசிக்கும்போது கீபோர்டில் லோக்கல் ஆஃப் செய்து, அதன் சொந்த ஒலி எழாதபடி நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்கும். விரல் அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் பஃபர் அளவை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து வெளியிடும் அளவைப் பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 128 மாதிரி பஃபர் என்றால் சுமார் 3 மில்லி விநாடி. 1024 என்றால் 23 மில்லி விநாடிக்கு மேல். முன்னது ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்பது போன்றது. பின்னது எட்டு மீட்டர் தள்ளி நிற்பது போன்றது. ஆகவே வாசித்துப் பதியும்போது சிறிய பஃபரும், எல்லாம் பதிந்த பிறகு மிக்ஸ் செய்யும்போது பெரிய பஃபரும் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை மேடைக்குக் கொண்டுபோவது பற்றி இப்போதைக்கு எண்ண வேண்டாம்.

ஒன்றரை லட்சம் முழுவதையும் கீபோர்டில் போட்டுவிடாதீர்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்தை எல்லையாக வைத்து, மீதியில் உறுதியான இரட்டைத் தட்டு ஸ்டாண்டு, நல்ல சஸ்டெயின் பெடல், திணிப்புள்ள பை, யூபிஎஸ், இரண்டு டிஐ பாக்ஸ் (நீளமான கேபிளிலும் இரைச்சல் சேராமல் ஒலியை அனுப்பும் சிறு பெட்டி), வீட்டுக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் ஆகியவற்றை வாங்குங்கள். டிஐ பாக்ஸ் இல்லாமல் நீளமான கேபிளில் மிக்ஸர் வரை போனால், சீரியல் விளக்குகளின் இரைச்சலும் உங்கள் வயலினோடு சேர்ந்து போகும். சவுண்டு சர்வீஸ்காரர் ஒரே ஒரு லைன்தான் கொடுக்கிறார் என்றால், கேபிளை இடது ஜாக்கில், மோனோ என்று எழுதியிருப்பதில் மட்டும் செருகுங்கள்; வலது ஜாக்கில் மட்டும் செருகினால் ஸ்டீரியோ ஒலியில் பாதி காணாமல் போய்விடும். புதிய பெடல் தலைகீழாக வேலை செய்தால் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். காலை எடுத்துவிட்டுக் கீபோர்டை அணைத்துப் போடுங்கள், பல கருவிகள் பெடலின் முறையை அந்த நேரத்தில்தான் கண்டுகொள்கின்றன.

வாங்கும் காலத்தையும் யோசியுங்கள். ஆடி முழுவதும் அம்மன் கோயில்கள், ஆவணியில் கல்யாணங்கள் என்று உங்களுக்கு ஓய்வு இருக்காது. புரட்டாசியில் வாங்கினால் ஐப்பசி முகூர்த்தங்களுக்குள் அடிக்கடி வாசிக்கும் நாற்பது ஐம்பது பாடல்களுக்கு டோன் அமைத்துவிடலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய டோன்களை இடையிசை வரும் வரிசையிலேயே அடுக்கி, பாட்டின் முதற்சொல்லைப் பெயராக இட்டு, இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பையிலும் வையுங்கள். பழைய ஸ்டைல் கீபோர்டை விற்றுவிட வேண்டாம். முதல் ஒரு மாதம் புதியதைக் கீழ்த் தட்டிலும் பழையதை மேல் தட்டிலும் வைத்து, இரண்டுக்கும் லைன் கொடுத்தே வாசியுங்கள். ஏதாவது ஒரு பாட்டில் புதியதன் டோன் கைக்கு வராவிட்டால், நீங்கள் ஆறு ஆண்டுகளாக வாசித்த குழல் மேல் தட்டில் தயாராக இருக்கும்.